கப் அளவா, கிராம் கணக்கா?

கேக் செய்முறையில் ‘மைதா 250 கிராம்’ என்று இருந்தால், 250 மில்லி கப்பில் ஒரு கப் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மில்லி என்பது கொள்ளளவு, கிராம் என்பது எடை. தண்ணீருக்குத்தான் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பாலும் பக்கத்தில் வரும்.

240 மில்லி கப்பில் மைதா சுமார் 120 கிராம்தான் பிடிக்கும். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 225 கிராம், தேன் 340 கிராம்.

அதிகம் ஏமாற்றுவது மாவுதான். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 140 கிராம்கூட ஏறிவிடும். கேக் கல் மாதிரி ஆவதற்கு அதுவே போதும். மாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, கப்பில் மெதுவாகப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. சர்க்கரைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.

டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. எப்போதும் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பில் கூடுதல் கவனம் தேவை. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதைவிடக் குறையும்.

ரைஸ் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். கேக்குக்கு அதை எடுக்காதீர்கள். அடிக்கடி பேக்கிங் செய்கிறவர்கள் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்ஜியமாக்கி, ஒவ்வொரு பொருளாக அதிலேயே போட்டுக்கொள்ளலாம்.