ஒவ்வொரு பிள்ளையும் பேச வேண்டும்: ஆங்கில வகுப்பில் கருவிகளைப் பயன்படுத்தும் முறை

நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிட பீரியட். பாதி நேரம் ஆசிரியர் பேசினால், மிச்சத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரை நிமிடம். தென்சென்னையில் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மூவரசம்பட்டு பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அன்றைய நாளில் ஆங்கிலம் பேசக் கிடைக்கும் மொத்த நேரமே அவ்வளவுதான். வீட்டிலும் தெருவிலும் அதற்குத் தேவை வருவதில்லை. 2012-13 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பாடநூலின் மொழி மாறியது, ஆனால் பிள்ளை வாய் திறக்கும் நேரம் கூடவில்லை.

வகுப்பறைக் கருவிகளால் அந்த அரை நிமிடத்தைப் பத்து நிமிடமாக்க முடியும். அதற்கான படிகள் இவை.

1. இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப், ஆசிரியருக்குத் தந்த டேப்லெட், உங்கள் செல்போன் ஆகியவற்றில் எவை ஒழுங்காக ஓடுகின்றன என்று பாருங்கள். இவற்றோடு ஒரு சிறிய ஸ்பீக்கர் வேண்டும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. அதை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ கிடைக்கும். மேல் வகுப்புகளுக்கு 2023-ல் வந்த மணற்கேணி செயலி உண்டு. வேண்டியதை முதல் நாள் இரவே டவுன்லோட் செய்துவிடுங்கள். வகுப்பு நடக்கும்போது இணையத்தை நம்பி நிற்காதீர்கள்.

சத்தத்தையும் கவனியுங்கள். மேடவாக்கம் மெயின் ரோட்டில் வண்டிகள் ஓயாது, மெட்ரோ ரயில் வேலையும் சேர்ந்துகொள்கிறது. சாலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கரை அறையின் நடுவில் வையுங்கள். கரும்பலகையோரம் வைத்தால் கடைசி பெஞ்சுக்கு எட்டாது. காதில் தெளிவாக விழாத ஒலியை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது.

2. பொருளைத் தமிழில் சொல்லிவிடுங்கள்

பாடத்தின் கதையை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லுங்கள், படங்களைப் போர்டில் காட்டுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளையின் கவனம் ஆங்கில ஒலிமீது போகும். கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒடியாவோ இந்தியோ பேசினால், அந்த இரண்டு நிமிடச் சுருக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அவன் மொழியில் கேட்கவிடுங்கள்.

3. மூன்று முறை கேட்கவையுங்கள்

முதல் முறை திரையில் எழுத்து வேண்டாம், காதும் படமும் போதும். இரண்டாம் முறை ஆங்கில ஒலியோடு ஆங்கில வசனவரியே ஓடட்டும். தமிழ் வசனவரி போட்டால் கண் அதைப் படித்துக்கொள்ளும், காது வேலை செய்யாது. மூன்றாம் முறை வேகத்தை 0.75-க்குக் குறைத்து, வரிக்கு வரி நிறுத்தி, எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும்.

கேட்கும் மொழியிலேயே வரியை ஓடவிடும் உத்தி நம் நாட்டில் நன்கு அறிமுகமானது. 1996-ல் அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி தொடங்கிய முயற்சி, தொலைக்காட்சித் திரைப்பாடல்களுக்கு அதே மொழி வரிகளைச் சேர்த்து, அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்தது.

4. நால்வர் குழுவில் பதிவு செய்யுங்கள்

வகுப்பின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு கருவி கொடுங்கள். ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம் பேசிப் பதிவு செய்து, தன் குரலைத் தானே கேட்டு, மறுபடி பதிவு செய்யட்டும். கருவி குறைவு என்றால் இரண்டு குழு பதிவு செய்யும்போது மற்றவர்கள் சோடியாகப் பேசிப் பழகட்டும். நாற்பது பேர் முன்னால் எழுந்து நிற்கக் கூசும் பிள்ளை மூன்று தோழிகள் நடுவே பேசிவிடுவாள்.

வாரத்துக்கு ஒரே ஒரு ஒலியைத் திருத்துங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடறும் இடங்கள் தெரிந்தவையே: 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆவது, 'பஸ்' 'பஸ்ஸு' ஆவது. 'பேப்பர்', 'பஸ்' இரண்டின் முதல் ஒலியும் தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் வேறு வேறு. ஒரு வாரம் இந்த வேறுபாட்டை மட்டும் காதால் பிரித்தறியப் பழகட்டும்.

பதிவுகளைப் பள்ளிக் கருவியிலேயே வையுங்கள். முகம் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 2023-ல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோர் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

5. குரல் தட்டச்சால் சோதியுங்கள்

செல்போன் விசைப்பலகையின் மொழியை 'ஆங்கிலம் (இந்தியா)' என்று வைத்து மைக்கை அழுத்தச் சொல்லுங்கள். பேசியது எழுத்தாக வரும். தவறாக வந்தால் பிள்ளை தானாகவே திருப்பிச் சொல்லிப் பார்க்கும். சத்தமான அறையில் சரியாகச் சொன்னதையும் கருவி தப்பாக எழுதும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். இதை வைத்து மதிப்பெண் போட வேண்டாம்.

வாசிப்புக்கும் இப்படிச் செயலிகள் உண்டு. 2022 ஜூனில் பள்ளிக்கல்வித் துறை கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு மாநில அளவில் வாசிப்பு மாரத்தான் நடத்தியது. பிள்ளை உரக்கப் படிக்க, செயலி கேட்டுத் திருத்தும் முறை அது.

6. ஊரையே பாடமாக்குங்கள்

கீழ்க்கட்டளை ஏரி, பேருந்து நிறுத்தம், துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, காய்கறிக் கடை என்று பத்து படம் எடுத்துவாருங்கள். படத்தைப் பற்றிப் பிள்ளைகள் தமிழில் சொல்வதை எல்லோரும் சேர்ந்து ஆங்கிலத்தில் கட்டி, போர்டில் எழுதி, குரலும் சேர்த்துவிட்டால் வகுப்பின் சொந்தப் புத்தகம் தயார். தினம் பார்க்கும் இடத்தைப் பற்றிச் சொல்லப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கும்.

7. வீட்டுக்கு அளவோடு அனுப்புங்கள்

பல வீடுகளில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு இரவில்தான் திரும்பும். ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். "பிள்ளை பேசுவதைக் கேளுங்கள், திருத்த வேண்டாம்" என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். போன் இல்லாத பிள்ளைக்கு மதிய இடைவேளையில் டேப்லெட் கொடுங்கள். வீட்டில் போன் இல்லாததால் ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது.

8. மூன்று முறை ஒப்பிடுங்கள்

ஒரே பத்தியை ஜூனிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் படிக்கவைத்துப் பதிவு செய்யுங்கள். மூன்றையும் அந்தப் பிள்ளைக்குத் தனியே போட்டுக் காட்டுங்கள். முன்னேற்றம் தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பதிவைக் கேட்டதும் அந்தப் பிள்ளையோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். எதைப் பாராட்டுவது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்று தீர்மானிக்கப் பிள்ளையை அறிந்த ஆசிரியரால்தான் முடியும். கருவி மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை அதற்குக் கொடுங்கள்.