மாட்டுச் சாணமும் நோய்ப் பெருக்கக் கணக்கும்

மாட்டை வாட்டும் வியாதிகள் பல. மாட்டுக்கு யாதொரு தீங்குஞ் செய்யாது, அதன் இறைச்சியையோ காய்ச்சாத பாலையோ உட்கொள்வோரைத் தாக்குவனவும் உள. அவற்றுட் கொடியது எஷரிச்சியா கோலி ஓ157 என்னுங் கிருமி. மனிதருக்கு நோய் தருவதென்று 1982-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் இது முதன்முதல் அறியப்பட்டது. 1996-ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் பகுதியில் இறைச்சி வழியே பரவி முதியோர் பலரை மாய்த்தது. சிறுவர்க்கு இரத்தபேதியோடு சிறுநீரகங்களும் பழுதுறுவதுண்டு.

மாடோ மேனி குன்றாது மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே கண்ணாற் கண்டு விலக்க இயலாது. நோயின் போக்கைக் கணக்கினாலேதான் அறியவேண்டும். கணக்கென்றதும் மலைக்க வேண்டா. வட்டிக் கணக்கு அறிந்தவர்க்கு இது எளிது.

நோயேற்ற ஒரு மாடு, தான் குணமாவதற்குள் சராசரியாக எத்தனை மாடுகளுக்கு அதனைத் தருகிறது என்பதே மூலத்தொகை. அது ஒன்றுக்கு மேற்பட்டால் நோய் மந்தையிற் பெருகும். குறைந்தால் தானே அவியும். உதாரணமாக, 10 மாடுகள் 15 மாடுகளுக்குத் தருவதாகக் கொள்வோம், மூலத்தொகை ஒன்றரை. பத்துக்கும் இது சமபங்காயின், இரண்டைப் பிரித்துக் கட்டினாலும் எஞ்சிய எட்டும் 12 மாடுகளுக்குத் தரும்; நோய் நில்லாது.

ஸ்காட்லாந்துப் பண்ணைகளின் சாணத்தைச் சோதித்த கணக்கைக்கொண்டு 2006-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியோ, பங்கீடு அவ்வாறன்று எனக் காட்டிற்று. தொற்றில் 100-க்கு 80 பங்கு, 100-க்கு 20 மாடுகளாலேயே நிகழ்கின்றதாம். நம் உதாரணத்தில் இரண்டு மாடுகளே 12-க்குக் காரணம். மற்ற எட்டுஞ் சேர்ந்து 3-க்கே. அவ்விரண்டை விலக்கின், பத்துக்கு மூன்றாகி நோய் அவிந்துபோம். சராசரியை மட்டும் நம்பியவர் இதனைக் கண்டிரார்.

அவ்விரண்டும் எவை? இங்கேதான் சங்கடம். மலக்குடலின் கடைப்பாகத்தில் கிருமி குடிகொண்ட மாடுகளே அதனை மிகுதியாக வெளியேற்றுகின்றன. ஒரு கிராம் சாணத்தில் 10,000-க்கு மேற்படின் அவ்வகுப்பிற் சேர்ப்பது வழக்கம். ஆயினும் இன்று மிகுதியாக வெளியேற்றும் மாடு சில வாரங்களில் அவ்வாறிராது. ஒரு முறை சோதித்தல் போதாது.

சோதனைக்கு வசதியற்ற பண்ணையில், எல்லா மாடுகளுக்கும் பொதுவான காவலே செய்யத்தக்கது. தண்ணீர்த்தொட்டியிற் சாணம் விழலாகாது. கன்றுகளை நெருக்கி அடைத்தலும், புதிதாக வாங்கியவற்றை உடனே மந்தையிற் கலத்தலும் ஆகா. இவற்றால் தொற்று மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தாலன்றி, நம் உதாரண மந்தையில் மூலத்தொகை ஒன்றுக்குக் கீழிறங்காது. அதுகாறும் கறிக்கு அனுப்பும் மாட்டின் தோலிற் சாணம் ஒட்டியிராதபடி கழுவி அனுப்புக. பாலை நன்கு காய்ச்சாது சிறுவர்க்குக் கொடாதிருக்க.