நேத்து வந்தாங்க, இன்னைக்கு வராங்க, நாளைக்கு வருவாங்க
(பிள்ளைகளுக்குக் காலம் காட்டிப் பேசச் சொல்லிக் கொடுப்போம்)



நம் குழுவின் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "சென்ற மாதம் கடன் கொடுத்தோம். இந்த மாதம் தவணை வசூலிக்கிறோம். அடுத்த மாதம் வங்கியில் கட்டுவோம்." இதில் கொடுத்தோம் என்பது முடிந்து போனது. வசூலிக்கிறோம் என்பது இப்போது நடப்பது. கட்டுவோம் என்பது இனிமேல் நடக்கப் போவது. இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். கொடுத்த பணத்தைக் கொடுப்போம் என்று எழுதினால் கணக்கே மாறிவிடும் அல்லவா? பிள்ளைகள் பேச்சிலும் அப்படித்தான். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

ஒரு சொல்லில் காலம் எங்கே இருக்கிறது?

"படித்தான், படிக்கிறான், படிப்பான்" என்று சொல்லிப் பாருங்கள். முன்னால் வரும் 'படி' மாறவில்லை. கடைசியில் வரும் 'ஆன்' மாறவில்லை. நடுவில் இருப்பதுதான் மாறுகிறது. இதற்கு இடைநிலை என்று பெயர். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. இறந்த காலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று, ஆநின்று. எதிர்காலத்துக்கு ப், வ். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்று நான்கு விதமாக வந்தாலும் நான்கும் முடிந்து போன வேலைதான். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகூட இதைத் தப்பாகச் சொல்ல மாட்டார். காதால் கேட்டுப் பழகியதுதான் காரணம். பிள்ளைகளுக்கும் அதே வழிதான்.

எந்த வயதில் வரும்?

இரண்டு, மூன்று வயதிலேயே "விழுந்துச்சு", "அப்பா வராரு" என்று பிள்ளை சொல்லத் தொடங்கிவிடும். ஆனால் நேத்து, நாளைக்கு என்ற சொற்கள் சரியாகப் பிடிபட நான்கு, ஐந்து வயதாகும். மூன்று வயதுப் பிள்ளை போன மாதத் திருவிழாவையும் "நேத்து போனோம்" என்றுதான் சொல்லும். "நேத்து மாமா வீட்டுக்குப் போலாம்" என்றும் சொல்லும். இது பொய்யும் இல்லை, மந்த புத்தியும் இல்லை. திட்டாதீர்கள், சிரித்துக் கேலி செய்யாதீர்கள்.

நாமே செய்யும் தவறு

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் நம் வீடுகளில் பலர் கம்பெனி வேலைக்குப் போகிறோம். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும். பிள்ளை அழுகிறது. நாம் என்ன சொல்கிறோம்? "அழாதே கண்ணு, அம்மா இதோ வந்துட்டேன்" என்கிறோம். வந்துட்டேன் என்பது முடிந்து போன காலம். ஆனால் நாம் இன்னும் படியைக்கூடத் தாண்டவில்லை. திரும்பி வர மதியத்துக்கு மேல் ஆகும். பெரியவர்களுக்கு இந்தப் பேச்சு புரியும். பிள்ளைக்குப் புரியாது. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இப்படி நாலு நாள் நடந்தால் அம்மா சொல்லுக்கே மதிப்பு போய்விடும்.

அதற்குப் பதில், "இப்ப அம்மா வேலைக்குப் போறேன். நீ பாட்டிகிட்ட சாப்பிடுவே, தூங்குவே. தூங்கி எழுந்த பிறகு அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி தெரியாது. சாப்பாடு, தூக்கம், விளக்கு வைக்கிற நேரம் இவை தெரியும். வந்தவுடன், "காலையில அம்மா என்ன சொன்னேன்? வருவேன்னு சொன்னேன். வந்துட்டேன் பாரு" என்று சொல்லுங்கள். வருவேன் என்பது வந்தேன் ஆவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். இதைவிட நல்ல இலக்கணப் பாடம் இல்லை. ஓவர்டைம் வந்து தாமதமாகும் என்று தெரிந்தால் போனில் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்ய ஐந்து பயிற்சிகள்

1. சமையல் பேச்சு: "அரிசி கழுவினேன். இப்ப உலை வைக்கிறேன். அப்புறம் சோறு வடிப்பேன்." வேலை செய்துகொண்டே சொன்னால் போதும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

2. சாப்பாட்டுக் கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சாப்பிட்டே? பொங்கலா, உப்புமாவா? நாளைக்கு என்ன போடுவாங்க?" என்று தினமும் கேளுங்கள்.

3. மூன்று கல்: தரையில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டம் நேத்து, நடுக்கட்டம் இன்னைக்கு, கடைசிக் கட்டம் நாளைக்கு. பிள்ளை எந்தக் கட்டத்தில் கல்லைப் போடுகிறதோ அந்தக் காலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

4. காலண்டர்: தினமும் தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கிழித்த தாள் நேத்து, மேலே இருப்பது இன்னைக்கு, அடியில் இருப்பது நாளைக்கு.

5. திருப்பிச் சொல்லுதல்: "நேத்து நான் ஊஞ்சல் ஆடுவேன்" என்று பிள்ளை சொன்னால் "தப்பு" என்று வெட்டாதீர்கள். "ஓ, நேத்து ஊஞ்சல் ஆடினியா? யார் தள்ளி விட்டாங்க?" என்று சரியான சொல்லை வைத்தே பேச்சை வளர்த்துவிடுங்கள். பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு இந்திப் பிள்ளை

நம் ஊரில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் அங்கன்வாடிக்கு, பள்ளிக்கு வருகிறார்கள். இந்தியில் நேற்றுக்கும் 'கல்', நாளைக்கும் 'கல்' தான். 'கல் ஆயா' என்றால் நேற்று வந்தான். 'கல் ஆயேகா' என்றால் நாளை வருவான். வினைச்சொல்லை வைத்துத்தான் எந்த நாள் என்று தெரியும். அதனால் அந்தப் பிள்ளை தமிழில் நேத்தையும் நாளையையும் மாற்றிப் பேசினால், "இதுக்கு ஒண்ணும் தெரியல" என்று ஒதுக்க வேண்டாம். மூன்று கல் விளையாட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் பாடம் வரும்போது

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். தமிழில் காலம் தெளிவாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிக்கு இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: "தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்" என்று பழக்கத்தைத் தமிழில் எதிர்காலச் சொல்லால் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு நிகழ்காலம்: 'ஐ கெட் அப் அட் சிக்ஸ்'. நம் பிள்ளைகள் 'ஐ வில் கெட் அப்' என்று எழுதுவது இதனால்தான்.

இரண்டு: ஆங்கிலத்தில் இறந்த காலத்துக்குப் பெரும்பாலும் கடைசியில் 'ட்', 'ட' போன்ற ஓசை சேரும். வாக் என்பது வாக்ட் ஆகும், பிளே என்பது பிளேட் ஆகும். ஆனால் கோ என்பது வென்ட், ஈட் என்பது ஏட். பிள்ளை 'கோட்' என்று சொன்னால் கவலை வேண்டாம். ஆங்கிலம் பேசும் நாட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். 1958-ல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற பெண் ஆய்வாளர், யாரும் கேட்டிராத பொய்ச் சொற்களைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பல பிள்ளைகள் அவற்றுக்கும் விதிப்படி இறந்த காலம் சொன்னார்கள். பிள்ளை மனப்பாடம் மட்டும் செய்யவில்லை, விதியையே கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தது. ஆகவே 'கோட்' என்பது விதி புரிந்ததற்கு அடையாளம். 'வென்ட்' என்று நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

மார்க்குக்காக மட்டும் இல்லை சகோதரிகளே. காய்ச்சலோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், "எப்ப இருந்து வலிக்குது?" என்று டாக்டர் கேட்பார். நாம் ஷிப்டில் இருந்த நேரத்தில் நடந்ததைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. யாராவது பிள்ளையை அடித்தாலோ, தகாத விதமாகத் தொட்டாலோ, "நடந்துச்சு", "எப்பவும் நடக்குது", "நாளைக்கும் வரச் சொன்னாங்க" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையைக் காப்பாற்றுவது எளிது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் காவல் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ, பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம்.

அப்படி ஒன்று காதில் விழுந்தால் பதறாதீர்கள். "அவன் அடிச்சானா? இவன் தொட்டானா?" என்று நாமே வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையை நம்புங்கள். உதவிக்கு 1098 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் இலவசம்.

தினமும் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்கும் வீட்டில்தான் பிள்ளை இதையும் சொல்லும். ஒரு நாளும் கேட்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று கேட்டால் வாய் திறக்காது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• இந்த வாரம் உங்கள் பிள்ளை நேத்து, நாளைக்கு என்ற சொற்களை எப்படிப் பயன்படுத்தியது? இரண்டு வாக்கியம் நினைவு வைத்து வந்து சொல்லுங்கள்.
• வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?
• ஷிப்டுக்குப் போகும் உறுப்பினர்களின் பிள்ளைகளோடு மாலையில் அரை மணி நேரம் பேச, விளையாட யார் முன்வருவீர்கள்? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் "செய்வோம்" என்று எழுதியதை, அதற்கடுத்த கூட்டத்தில் "செய்தோம்" என்று எழுதுவோம். வாழ்த்துக்கள்!