மில்லிமீட்டர் விமானத்தில் அங்குல ஆணி

கேள்வி: ஐரோப்பா முழுக்க மெட்ரிக் முறைதானே? அப்புறம் ஏர்பஸ் விமானத்தில் அங்குல அளவு ஆணி எதற்கு?

பதில்: ஏர்பஸ்ஸின் வரைபடம் மில்லிமீட்டரில்தான். தகடுகளைப் பிணைக்கும் ரிவிட், போல்ட்தான் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. காரணம், வியாபாரம். ஏர்பஸ்ஸின் முதல் விமானம் 1974-ல் சேவைக்கு வந்தபோது சந்தை அமெரிக்கர் கையில் இருந்தது. ஆணி செய்கிற ஆலை, அதற்கான தரநிலை, பழுதுபார்ப்பவரின் ஸ்பேனர் பெட்டி எல்லாம் அங்குலத்துக்குப் பழகியவை. புதுசாகக் கடை போடுகிறவர் ஊர் வழக்கத்தோடு மல்லுக்கட்ட முடியுமா?

3/16 அங்குல ரிவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆசாரி பாஷையில் ஒன்றரை நூல், மெட்ரிக்கில் 4.76 மி.மீ. அதற்கு 5 மி.மீ. துளை போட்டால் கால் மி.மீ. ஆட்டம் கண்டுவிடும். கதவுக் கீலென்றால் போகட்டும் என்று விடலாம், இறக்கையில் முடியாது.

வழக்கத்தை மீறியவர்கள் பட்ட பாடும் உண்டு. 1944-ல் சோவியத் மண்ணில் இறங்கிய அமெரிக்க பி-29 விமானங்களை அப்படியே நகலெடுக்கச் சொன்னார் ஸ்டாலின். மேல்தகட்டின் தடிமன் 1/16 அங்குலம், அதாவது 1.5875 மி.மீ. சோவியத் ஆலைகளில் அந்த அளவுத் தகடே கிடையாது! பக்கத்து மெட்ரிக் அளவுகளை வைத்து எடையையும் வலிமையையும் இடத்துக்கு இடம் மறுபடி கணக்குப் போட்டார்கள். டியூ-4 என்ற அந்த நகல் 1947-ல்தான் பறந்தது.