ஊரார் போட்ட பருவநிலைத் திட்டம்

பருவம் தப்பிய மழையால் வரும் நஷ்டத்தை விவசாயிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சமாளிக்க அரசு வகுக்கும் திட்டத்தில் அவர் சொல் எப்படி ஏறும் என்பதுதான் கேள்வி. இதில் நேபாளம் கண்ட வழி கவனிக்கத்தக்கது.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க அந்நாடு 2010-ல் தேசியத் திட்டம் தயாரித்தது. விவசாயம், நீர், பேரிடர், காடு, சுகாதாரம், நகர்ப்புறம் ஆகியவற்றுக்கென 6 பணிக்குழுக்கள் அமைந்தன. அதிகாரிகளோடு தொண்டு நிறுவனத்தாரும் கலந்துகொண்டனர். ஆனால் மலைச்சரிவில் கால் ஏக்கர் வைத்திருப்பவரின் கஷ்டம் காத்மாண்டுக் கூட்டத்தில் முழுதும் தெரிந்துவிடாது. ஆகவே 10 மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்களைக் கொண்டு ஊர் அளவில் திட்டம் போட்டுப் பார்த்தனர். அந்த அனுபவத்தை வைத்து, 7 படிகள் கொண்ட முறையை 2011-ல் அரசு ஏற்றது.

முதலில் விஷயத்தை ஊராருக்கு விளக்குகிறார்கள். அடுத்து, எந்த இடம், எந்தக் குடும்பம் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று படம் வரைகிறார்கள். விதைப்பு, நடவு, அறுவடை மாதங்களை எழுதி, முன்பு மழை எப்போது வந்தது, இப்போது எப்போது வருகிறது என்று ஒப்பிடுகிறார்கள். இங்கே முதியவர்களின் ஞாபகமே கணக்குப் புத்தகம். பிறகு தேவைகளை வரிசைப்படுத்த வேண்டும். ஊற்றைக் காப்பதா, வாய்க்காலைச் செப்பனிடுவதா, வறட்சி தாங்கும் விதை சேர்ப்பதா? அந்தப் பட்டியல் உள்ளாட்சியின் ஆண்டுத் திட்டத்தில் சேர வேண்டும். இந்தப் படியை விட்டால் கூட்டம் போட்டதோடு சரி.

கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். நிலக்காரர் வாய்க்கால் கேட்பார். தண்ணீர் சுமக்கும் பெண் ஊற்றைக் கேட்பார். நிலமற்றவர் வராவிட்டால் அவர் தேவை கடைசிக்குப் போய்விடும்.

பருவநிலைக்கென வரும் நிதியில் குறைந்தது 80 சதவீதம் அடிமட்டத்துக்குச் சேர வேண்டும் என்று நேபாளத்தின் 2011-ம் ஆண்டுக் கொள்கை கூறியது. 2019-ல் வந்த கொள்கையும் அதையே சொல்கிறது. ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. புதிய தேசியத் திட்டத்துக்கு 2050 வரை 4,740 கோடி டாலர் தேவை என மதிப்பிட்டுள்ளனர். அதில் நேபாளம் தானே போடக்கூடியது 150 கோடிதான். மீதி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அது குறையும்போது, ஊர்ப் பட்டியலில் கீழே உள்ள வேலைகள்தான் முதலில் நின்றுபோகும்.