தனுஷ்கோடிப் பயணமும் கால அட்டவணையும்

பயணத் திட்டம் என்பது வழியை அறிவது மட்டுமன்று. ஓர் ஊர்தியிலிருந்து இறங்குவோர்க்கு அடுத்த ஊர்தி கிட்டுமா என்று அறிவதுமாகும். சுவிட்சர்லாந்தின் மலையருவிகளைக் காணச் செல்வோர்க்கு இக்கவலை குறைவு. 1982 முதல் அங்கே தொடர்வண்டியும் பேருந்தும் ஒன்றோடொன்று இயைந்த கால அட்டவணையில் இயங்குகின்றன.

நம் கடற்கரையோ இவ்வியைபை 1914-லேயே கண்டது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து கொழும்பு வண்டியில் அமர்ந்தார். பயணச்சீட்டு ஒன்றே! மக்கள் அதனைப் ‘போட் மெயில்’ என்றனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் துறையையும் இருப்புப் பாதையையும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியையும் ஒருங்கே கொண்டுபோயிற்று.

இன்று தொடர்வண்டி, 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலம் வழியே இராமேசுவரம் வரை செல்கிறது. அப்பால் பேருந்துதான். 2017-இல் அரிச்சல்முனைச் சாலை திறக்கப்படுமுன் மணலில் தள்ளாடும் வேன்களே துணையாயின.

செல்லும் மாணவர் காலையிலேயே புறப்படுதல் நன்று. முனைக்கு முன்னரே பழைய ஊரில் இறங்கினால் தேவாலயத்தின் இடிந்த சுவர்களையும் நிலையத்தின் எச்சங்களையும் காணலாம். நிழல் அரிது, குடிநீர் உடன் வேண்டும். அங்கு வாழும் மீனவர்க்கும் அப்பேருந்தே உரியது. அவர்தம் கூடைகளுக்கு இடம் விடுக. பொழுது சாய்ந்தபின் தங்க இசைவில்லை. ஆதலின் இறங்கியவுடன் நடத்துநரிடம் கேட்க வேண்டியது, திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரமே.