மூடாக்கில் யார் வாய் வைப்பார்கள்?

ஈரம் காக்குமா, களையை அடக்குமா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் மூடாக்கைத் தேர்ந்தெடுக்கிறோம். ராசிபுரம் பக்கம் தென்னையும் காய்கறிப் பாத்தியுமாக இருக்கும் என் தோட்டத்தில் நாயும் வெள்ளாடுகளும் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. அதனால் இதில் யார் வாய் வைப்பார்கள் என்பதைத்தான் நான் முதலில் யோசிப்பேன்.

மேல்நாடுகளில் கோகோ ஓட்டை மூடாக்காகப் போடுவார்கள். சாக்லேட் வாசனைக்கு நாய் அதைத் தின்று விஷமாகிவிடும் என்று எச்சரிப்பதும் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் பயப்பட வேண்டியவை நாமே விளைவிக்கும் பயிர்கள்தான்.

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் மாலைக்காக அரளி வளர்க்கிறார்கள். கவாத்து செய்தால் தழை குவிந்துவிடும், சும்மா கிடைக்கிறதே என்று பாத்தியில் பரப்பத் தோன்றும். பச்சை அரளியின் கசப்புக்கு ஆடு பெரும்பாலும் ஒதுங்கிவிடும். காய்ந்த பிறகு கசப்பு குறைகிறது, விஷம் அப்படியே இருக்கிறது. சருகோடு சருகாகக் கிடந்தால் ஆடு பிரித்துப் பார்த்தா தின்னும்? இதயத் துடிப்பையே குலைக்கிற விஷம் அது. என் தோட்டத்துக்குள் அரளித் தழையை விடுவதே இல்லை.

குச்சிக்கிழங்குத் தழை இதற்கு நேர் எதிர். பச்சைத் தழையையும் கிழங்குத் தோலையும் மெல்லும்போது சயனைடு வெளிப்படும். வயிறு முட்டத் தின்ற ஆடு கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். ஆனால் நல்ல வெயிலில் காயவிட்டால் பெரும்பகுதி போய்விடும். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் தழையைக் களத்தில் மெல்லிசாகப் பரப்பி, கையில் எடுத்துக் கசக்கிப் பார்ப்பேன். இலை நொறுங்கினால் மட்டும் போதாது, காம்பும் பட்டென்று ஒடிய வேண்டும். அதுவரை ஆடுகள் கட்டுத்தறியில்தான்.

நாய்க்கு எமன் ஆமணக்குப் புண்ணாக்கு. எண்ணெய் பிழிந்தாலும் ரிசின் என்ற நஞ்சு சக்கையிலேயே தங்கிவிடும். உரமாகவும் ஆகும், கரையானுக்கும் ஆகும் என்று மூடாக்குக்கு அடியில் தூவுகிறார்கள். வாசனை பிடித்து நாய் மண்ணைப் பறித்துத் தின்னும். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். எனவே தின்றதைப் பார்த்த உடனேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதிக்குப் பெரிய பலம். நான் போடுவது வேப்பம் புண்ணாக்கு மட்டுமே.

தென்னைக்கு உரிமட்டையை மிஞ்சியது எதுவும் இல்லை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் 100 மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கவிழ்த்துப் போட்டால் மழைத்தண்ணீர் தேங்காது, கொசுவும் பெருகாது. அடியில் மண்புழுவும் தேரையும் அரணையும் குடியேறும், அவற்றைத் தேடிச் செம்போத்து வரும். தேரை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும் என்பதால் வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடிக்கு வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறேன். மட்டையைப் புரட்டக் கம்பைத்தான் எடுப்பேன்.

தக்காளிக்கு விரிக்கும் மல்ச்சிங் ஷீட் கிழிந்து துண்டு துண்டாகப் பறந்தால், மாடு அதையும் தின்றுவிடும். வயிற்றில் செரிக்காமல் அடைத்துக்கொள்ளும். பயிர் முடிந்ததும் கடைசித் துண்டு வரை சுருட்டி எடுக்க முடியும் என்றால் மட்டும் விரியுங்கள். முடியாதென்றால் கரும்புச் சோகை போதும். மோகனூர்ப் பக்கம் வெட்டு நடக்கும்போது கேட்டால், கொளுத்துவதற்குப் பதில் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள்.